ரெண்டு கார்பை கழட்டிட்டு ஒண்ணு போடலாமா? பழைய பைக் வச்சிருக்கவங்க மாத்துறதுக்கு முன்னாடி

பழைய ட்வின் சிலிண்டர் பைக் வச்சிருக்கிற யாருக்கும் ஒரு கட்டத்துல இந்த யோசனை வந்தே தீரும். ஒரு சைலன்சர் கொதிக்குது இன்னொண்ணு ஆறிப்போய் கிடக்குது, சிக்னல்ல ஐடிலிங் நிக்க மாட்டேங்குது, ரெண்டு கார்பையும் (கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு கொடுக்கிறது) கழட்டி மாட்டி கழட்டி மாட்டி அலுத்துப்போய் "பேசாம இந்த சனியன் ரெண்டையும் தூக்கிட்டு நல்லதா ஒரே ஒரு கார்ப் மாட்டிட்டா என்ன"ன்னு தோணும். தோணுறதுல தப்பில்ல. ஆனா எந்த இன்ஜினுக்கு தோணுதுங்கிறது முக்கியம். சில இன்ஜின்ல இது அருமையா செட் ஆகும், கம்பெனிக்காரனே ஒத்தை கார்ப் போட்டு வித்திருக்கான். சில இன்ஜின்ல எந்த ஜெட்டை (கார்ப்ல பெட்ரோல் அளவை தீர்மானிக்கிற, ஓட்டை போட்ட சின்ன பித்தளை துண்டு) மாத்தினாலும் ஒரு பிளக் கருப்பாவும் இன்னொரு பிளக் வெள்ளையாவும் தான் இருக்கும். இதை முடிவு பண்றது கார்ப் இல்ல, கிராங்க், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குறதை சுத்தலா மாத்துற தண்டு.

கையில இருக்கிற வழி மூணு. பழைய ஜோடியையே ஒழுங்கா சரி பண்றது, பழசை விட்டுட்டு புதுசா ஒரு ஜோடி போடுறது, இல்லனா ஒரே மேனிஃபோல்ட் (கார்பையும் சிலிண்டர்களையும் இணைக்கிற குழாய்) வச்சு ஒத்தை கார்புக்கு மாறுறது. நான் முக்கியமா யமஹா எக்ஸ்எஸ் 650யை வச்சு பேசுறேன், ஏன்னா உலகத்துல இந்த மாற்றம் ரொம்ப சாதாரணமா நடக்குற பைக்குகள்ல அது ஒண்ணு. கூடவே ட்ரையம்ப், நார்ட்டன், ஹோண்டா ட்வின், ஹோண்டா நாலு சிலிண்டர். கடைசியில நம்ம ராஜ்தூத் 350யும் வரும், அதை கேட்காம யாரும் விடமாட்டாங்கன்னு தெரியும்.

முதல்ல கிராங்க் கதை

ஃபோர் ஸ்ட்ரோக் ட்வின் இன்ஜின்ல ரெண்டு பிஸ்டனும் எப்படி ஏறி இறங்குதுன்னு பாருங்க. எக்ஸ்எஸ் 650, ட்ரையம்ப் போனவில், நார்ட்டன் கமாண்டோ, பிஎஸ்ஏ ஏ65 இதெல்லாம் 360 டிகிரி கிராங்க். ரெண்டு பிஸ்டனும் சேர்ந்தே மேல வரும் சேர்ந்தே கீழ போகும், ஆனா ஒண்ணு பெட்ரோலை இழுக்கும்போது இன்னொண்ணு வெடிச்சு கீழ இறங்கிட்டு இருக்கும். அதாவது கிராங்க் ஒரு சுத்து சுத்தும்போது ஒரு சிலிண்டர் மட்டும் இழுக்குது, அடுத்த சுத்துல மத்தது. சீரா, மாறி மாறி. குழாயடில ரெண்டே ரெண்டு குடம், ஒண்ணு நிறைஞ்சு நகர்ந்த பிறகு தான் அடுத்தது வருதுன்னா ஒரே குழாய் போதும், சண்டையே வராது.

ஹோண்டா சிபி 350, சிபி 360, சிபி 450 இந்த மாதிரி 180 டிகிரி கிராங்க் பைக்குகள்ல நிலைமை வேற. ஒரு பிஸ்டன் மேல இருக்கும்போது இன்னொண்ணு கீழ. அதிர்வு குறைவு, ஆனா முதல் சிலிண்டர் இழுக்க ஆரம்பிச்சு 180 டிகிரிலயே ரெண்டாவதும் இழுக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் 540 டிகிரிக்கு யாருமே புதுசா இழுக்க வர மாட்டாங்க. இன்டேக் வால்வு 180 டிகிரிக்கு மேலயே திறந்திருக்கும், அதனால முதல் ஆள் இன்னும் குடிச்சு முடிக்கல அதுக்குள்ள ரெண்டாவது ஆள் வாயை வச்சிடுறான். ஒருத்தன் பங்கை இன்னொருத்தன் இழுத்துக்குவான், அதுவும் ஆர்பிஎம்முக்கு ஆர்பிஎம் வேற மாதிரி. ஜெட் மாத்தி இதை சரி பண்ண முடியாது, ஏன்னா ஜெட் ஒண்ணு தான், அது ரெண்டு பேருக்கும் ஒரே கலவையை தான் கொடுக்கும்.

இது நானா சொல்ற சித்தாந்தம் இல்ல. 60கள்ல ஹோண்டா 250 சிசி ட்வின்ல என்ன பண்ணினான்னு பாருங்க. ஆபீஸ் போய் வர்ற அமைதியான சி72 ட்ரீம்ல 360 டிகிரி கிராங்க், ஒரே கார்ப். ஸ்போர்ட்ஸ் மாடல் சிபி72ல பெரும்பாலும் 180 டிகிரி கிராங்க், ரெண்டு கார்ப். பின்னாடி 1985ல வந்த ரெபல் 250, 234 சிசி ட்வின், அதுவும் 360 டிகிரி, அதுவும் ஒரே கார்ப். அதே மாதிரி ட்ரையம்ப்ல 650 சிசி இன்ஜினையே ரெண்டு அமல் கார்ப் போட்டு போனவில் டி120ன்னும், ஒண்ணு போட்டு டிஆர்6ன்னும் வித்தாங்க. பிஎஸ்ஏவுல லைட்னிங்குக்கு ரெண்டு, தண்டர்போல்ட்டுக்கு ஒண்ணு. 360 டிகிரி இன்ஜினுக்கு ஒத்தை கார்ப்ங்கிறது குடிசைத்தொழில் வேலை இல்ல, கம்பெனியே சோதிச்சு வித்த ஏற்பாடு.

எக்ஸ்எஸ்ல ஒரு விதிவிலக்கு உண்டு. சில பேர் அதிர்வை குறைக்கிறதுக்காக கிராங்கை பிரிச்சு 277 டிகிரிக்கு மாத்தி அமைப்பாங்க, ஓடும்போது நம்ம ராயல் என்ஃபீல்டு 650 ட்வின்ல வர்ற 270 டிகிரி சத்தம் மாதிரியே கேட்கும், கேட்க ரொம்ப அழகு. ஆனா அப்படி மாத்தின இன்ஜின்ல இழுக்குற இடைவெளி சமமா இருக்காது. பழைய எக்ஸ்எஸ் வாங்கி ஒத்தை கார்ப் போடப்போறீங்கன்னா அந்த இன்ஜின் யார் கையிலயாவது இப்படி ரீஃபேஸ் ஆகியிருக்கான்னு விசாரிச்சுக்கோங்க.

நிஜமாவே கார்ப் தானா?

மாத்தணும்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது "என்ன கோளாறு"ன்னு தான். முக்காவாசி பேர் சொல்ற கோளாறு கார்ப்ல இருக்காது. எக்ஸ்எஸ் 650ல 1979 வரைக்கும் வந்த மாடல்கள்ல கான்டாக்ட் பாயிண்ட் (பிளக்ல தீப்பொறி விழுற நேரத்தை, அதாவது டைமிங்கை, தீர்மானிக்கிற சுவிட்ச்) ரெண்டு செட், சிலிண்டருக்கு ஒண்ணு. அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் தனித்தனியா வைக்கணும். ஒரு பக்கம் நாலஞ்சு டிகிரி தள்ளி இருந்தா போதும், ஐடிலிங் ஆடும், ஒரு சைலன்சர் அதிகமா சூடாகும், பாக்குறவன் எல்லாம் "கார்ப் சிங்க் போச்சு"ன்னு (ரெண்டு கார்பும் சமமா வேலை செய்யலன்னு) தான் சொல்லுவான். ரெண்டு கார்பையும் கழட்டி ஒண்ணு போட்டாலும் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும், ஏன்னா அது கார்ப் ஆட்டமே இல்ல.

அடுத்தது கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர். நாப்பது ஐம்பது வருஷ ரப்பர், மேல பார்த்தா நல்லா இருக்கும், வளைச்சு பார்த்தா உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கும். இன்ஜினை ஐடிலிங்ல விட்டு அந்த ரப்பர் மேல லேசா கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிங்க, சத்தம் மாறுச்சுன்னா காத்து இழுக்குதுன்னு அர்த்தம் (சைலன்சர் சூடா இருக்கும், தீ பத்திக்கும், பக்கத்துல மண்ணோ ஃபயர் எக்ஸ்டிங்விஷரோ வச்சுக்கிட்டு பண்ணுங்க). பிஎஸ் 38 கார்ப்ல த்ராட்டில் ஷாப்ட் ரெண்டு முனையிலயும் சீல் இருக்கும், அது தேஞ்சாலும் இதே கதை தான், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காம தொங்கும்.

மூணாவது, இது நானே எரிச்சலாகுற விஷயம், ஏர் ஃபில்டர் பாக்ஸை கழட்டி வீசிட்டு அழகுக்காக குட்டி பாட் ஃபில்டர் மாட்டுறது. பிஎஸ் 38 சிவி வகை, அதுல ஸ்லைடை (காத்து போற வழியை திறந்து மூடுற துண்டு) தூக்குறது கேபிள் இல்ல, வேக்குவம். அந்த வேக்குவம் கணக்கு சரியா வரணும்னா கார்ப் வாய்ல இருக்கிற சின்ன காத்து ஓட்டைகள் திறந்திருக்கணும். மலிவான பாட் ஃபில்டரோட ரப்பர் உதடு சில நேரம் அந்த ஓட்டையை அப்படியே மூடிடும். ஸ்லைடு பாதிலயே நின்னுரும், 4000 ஆர்பிஎம்முக்கு மேல பைக் திணறும், உடனே "சிவி கார்ப்னாலே வேஸ்ட்"னு ஒரு தீர்ப்பு.

எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு தெரியணும்னா ஒரு பக்க பிளக் கேப்பை கழட்டி ஒத்தை சிலிண்டர்ல ஓட்டி பாருங்க, அப்புறம் மறுபக்கம். கழட்டின கேப்பை சும்மா தொங்க விடாம ஒரு பழைய பிளக் சொருகி இன்ஜின் பாடில எர்த் ஆகுற மாதிரி வைங்க, இல்லனா காயிலோ இக்னிஷன் யூனிட்டோ போயிடும். வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன், டைமிங், ரப்பர், பெட்ரோல் வர்ற அளவு, இதெல்லாம் பார்த்து முடிச்சும் பிரச்சனை அப்படியே இருந்தா தான் கார்ப் பேச்சு.

எக்ஸ்எஸ் 650ல மூணு வழியும்

653 சிசி, ஒரு ஓவர்ஹெட் கேம், கம்பெனி கணக்குல 7000 ஆர்பிஎம்ல 53 குதிரைசக்தி. அமெரிக்காவுல டர்ட் ட்ராக்ல கென்னி ராபர்ட்ஸ் இந்த இன்ஜினை வச்சு ஓட்டினவர், 1973லயும் 1974லயும் அங்க தேசிய சாம்பியன். அதனால இது மேல் ஆர்பிஎம்ல மூச்சு விடத்தெரிஞ்ச இன்ஜின், அதை ஞாபகம் வச்சுக்கிட்டு மேல படிங்க.

பழைய மிக்குனி பிஎஸ் 38 ஜோடியையே சரி பண்றது தான் காசு கம்மியா முடியுற வழி, பொறுமை தான் ஜாஸ்தி வேணும். ரெண்டையும் முழுசா பிரிச்சு, எல்லா ஓட்டையிலயும் காத்தடிச்சு, ஷாப்ட் சீல் மாத்தி, டயாப்ரத்தை (ஸ்லைடை தூக்குற மெல்லிய ரப்பர் சவ்வு) வெளிச்சத்துல பிடிச்சு ஊசி ஓட்டை கூட இல்லன்னு பார்க்கணும். கடையில கிடைக்கிற மலிவு ரிப்பேர் கிட் வாங்கினா அதுல இருக்கிற ஓ-ரிங், கேஸ்கெட் மட்டும் எடுத்துக்கோங்க, பித்தளை ஜெட்டும் நீடிலும் பழசே நல்லா இருந்தா பழசையே போடுங்க. கிட்ல வர்ற ஜெட் மேல போட்டிருக்கிற நம்பருக்கும் நிஜ ஓட்டைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. நிறைய பேர் நல்லா ஓடிட்டு இருந்த கார்பை கெடுத்துக்கிறது இந்த இடத்துல தான்.

சிங்க் பண்றதுக்கு பயப்பட வேண்டாம். ரெண்டே சிலிண்டர். வேக்குவம் கேஜ் இல்லன்னா ஒரு நீளமான தெளிவான ட்யூபை யூ மாதிரி ஒரு பலகையில கட்டி, பாதிக்கு இன்ஜின் ஆயில் ஊத்தி, ரெண்டு முனையையும் ரெண்டு பக்க வேக்குவம் நிப்பிள்ல மாட்டுங்க. எந்த பக்கம் அதிகமா இழுக்குதோ அந்த பக்கம் ஆயில் ஏறும், ரெண்டும் சமமா நிக்கிற வரைக்கும் நடு ஸ்க்ரூவை திருப்பணும். ட்யூபை நல்ல உயரமா வைங்க, இல்லனா இன்ஜின் ஆயிலை உறிஞ்சி குடிச்சிடும், தெருவே புகை மண்டலம் ஆயிடும். ஒரு தடவை வச்சா சீக்கிரம் கலையாது, "வாரா வாரம் சிங்க் பண்ணணும்"னு சொல்றவங்க பைக்ல ஷாப்டோ லிங்கேஜோ தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது வழி, ஒரு ஜோடி புது மிக்குனி விஎம் 34 வாங்கி மாட்டுறது. டயாப்ரம் கிடையாது, பார்ட்ஸ் எல்லா இடத்துலயும் கிடைக்கும், ஆக்சிலேட்டர் முறுக்கினா கேபிள் நேரா ஸ்லைடை தூக்கும், பைக் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு உணர்வு. கெட்டது என்னன்னா மூணு வழியில இதுக்கு தான் காசு அதிகம், சிங்க் வேலையும் உங்களை விட்டு போகல, ரெண்டு ஸ்லைடு ஸ்பிரிங்கும் சேர்ந்து கையை வலிக்க வைக்கும். ஸ்லைடை கேபிள் நேரா தூக்குறதால கீழ் ஆர்பிஎம்ல திடீர்னு முழுசா முறுக்கினா இன்ஜின் ஒரு நொடி மூச்சடைச்சு தான் போகும், சிவி கார்ப் இந்த முரட்டுத்தனத்தை மன்னிச்சிடும். இன்ஜினை போர் பண்ணி கேம் மாத்தி வச்சிருக்கிறவங்களுக்கு இது சரியான வழி. சும்மா ஓட்டுறவங்களுக்கு வீண் செலவு.

மூணாவது தான் நம்ம தலைப்பு. வழக்கமா ஒரு விஎம் 34 இல்ல 36, ரெண்டு போர்ட்டையும் சேர்க்குற ஒரு மேனிஃபோல்ட், ஒரு கேபிள், ஒரு ஃபில்டர். ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணுன்னா ரொம்ப பெரிய கார்ப் வேணும்னு நினைப்பாங்க, தேவையில்ல, ஒரு நேரத்துல ஒரு சிலிண்டர் தானே இழுக்குது. பெருசு போட்டா கீழ் ஆர்பிஎம்ல காத்தோட வேகம் குறைஞ்சு பெட்ரோல் சரியா பொடியாகாது, ஸ்டார்ட்டிங் தகராறு.

நல்லது என்னன்னு நேர்மையா சொல்லணும்னா நிறைய இருக்கு. சிங்க்ங்கிற வார்த்தையே மறந்துடலாம். க்ளீன் பண்ண ஒரே ஒரு கார்ப், ஜெட் வாங்க ஒரே செட். பைக் பின்பக்கம் காலியாயிடும், பாபர், சாப்பர் கட்டுறவங்க இதுக்காகவே போடுறாங்க. 2000ல இருந்து 4500 ஆர்பிஎம் வரைக்கும் டவுன்ல ஓட்டுறவனுக்கு பெருசா வித்தியாசமே தெரியாது, சில பேருக்கு முன்னைவிட மிருதுவா இருக்குன்னு கூட தோணும்.

இழக்குறது மேல. 5000 தாண்டினா அந்த கூர்மையான இழுப்பு மழுங்கிடும். போர்ட்டுக்கு நேரா காத்து போயிட்டு இருந்தது இப்ப ஒரு வளைவு வளைஞ்சு போகுது, அதுக்கு விலை உண்டு. அந்த வளைவு எப்படி இருக்குங்கிறதுல தான் நல்ல கிட்டும் கெட்ட கிட்டும் பிரியுது. ஒய் மாதிரி மெதுவா பிரியுற மேனிஃபோல்ட் நல்லது. குழாயை டி மாதிரி வெட்டி வெல்டு பண்ணினது வேண்டவே வேண்டாம், காத்து வளையும், பெட்ரோல் துளி வளையாது, நேரா போய் சுவத்துல மோதி ஒழுகும். உள்ள விரலை விட்டு பாருங்க, வெல்டிங் மணி நீட்டிக்கிட்டு இருக்கா, மேனிஃபோல்ட் வாயும் ஹெட் போர்ட் வாயும் படி இல்லாம சேருதான்னு. கார்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ரப்பர் கட்டாயம் வேணும், 360 டிகிரி ட்வின் நடுங்குற நடுக்கத்துக்கு நேரா இரும்புல மாட்டினா ஃப்ளோட் தொட்டியில பெட்ரோல் நுரைச்சு போயிடும், ஓட்டத்துல கலவை மெலிஞ்சுடும்.

சில்லறை வேலைகளும் இருக்கு, கிட் விக்கிறவன் இதை சொல்ல மாட்டான். வேக்குவம்ல திறக்குற பெட்ரோல் டேப் இருக்கிற மாடல்னா அதை சாதா டேப்பா மாத்தணும், மிச்சமிருக்கிற நிப்பிளை அடைக்கணும். கார்ப் இப்ப நட்டநடுவுல வருது, அங்க பேட்டரி பாக்ஸ், ஃப்ரேம் குழாய் இதெல்லாம் இடிக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. ஜெட்டிங் முதல்ல இருந்து பண்ணணும், பழைய கார்ப் நம்பர் எதுவும் உதவாது. பைலட்ல (ஐடிலிங்குக்கு) ஆரம்பிச்சு, அப்புறம் நீடில் (நடு முறுக்குக்கு), கடைசியில மெயின் (முழு முறுக்குக்கு), ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெண்டு பிளக்கையும் கழட்டி நிறம் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி கருப்பு இல்ல ஒரே மாதிரி வெளுப்புன்னா ஜெட். ரெண்டும் வேற வேற நிறம்னா ஜெட்டை தொடாதீங்க, மேனிஃபோல்ட் எங்கயோ காத்து இழுக்குது.

குளிர் ஊர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி. பெட்ரோல் ஆவியாகும்போது சுத்தி இருக்கிற சூட்டை இழுத்துக்கும், ஈரக்காத்தும் குளிரும் சேர்ந்த நாள்ல கார்ப் தொண்டையில ஐஸ் கட்டும். நீள மேனிஃபோல்ட் ஹெட் சூட்டுல இருந்து கார்பை தள்ளி வைக்கிறதால இது கொஞ்சம் அதிகம். இங்கிலாந்துலயோ கனடாவுலயோ நவம்பர்ல ஓட்டுறவங்க யோசிக்கணும், சென்னைல இருக்கிறவங்க இந்த பத்தியை தாண்டி போயிடலாம்.

என் தீர்ப்பு, ஸ்டாண்டர்ட் இன்ஜின், டவுன் ஓட்டம், பழைய பிஎஸ் 38 உடைஞ்சோ உப்பு பூத்தோ சரி பண்ண முடியாத நிலைல இருந்தா ஒத்தை கார்ப் போடுங்க, நிம்மதியா இருப்பீங்க. பழைய ஜோடி உயிரோட இருந்தா, ஹைவேல ஓட்டுறவரா இருந்தா, அதையே சரி பண்ணுங்க.

ட்ரையம்ப், நார்ட்டன் பக்கம்

இங்க இன்ஜின் ரீதியா ஒத்தை கார்புக்கு தடையே இல்ல. 1959 சீசனுக்கு வந்த டி120 போனவில் 46 குதிரைசக்தின்னு விளம்பரம், ஒத்தை கார்ப் டிஆர்6 அதைவிட சில குதிரைசக்தி தான் கம்மி. இங்கிலாந்து போலீஸ் வாங்கின ட்ரையம்ப் "செயின்ட்" ஒத்தை கார்ப் வண்டி தான். 1964ல கிழக்கு ஜெர்மனில நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டிக்கு நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிட்டு போனதும் டிஆர்6 வகை தான். மண்ணுலயும் தூசியிலயும் ரெண்டு கார்பை சமாளிக்க யாருக்கும் ஆசை இல்ல. கமாண்டோக்காரங்கள்ல ஒரு கூட்டமே ரெண்டு அமலையும் கழட்டிட்டு ஒரு விஎம் 34 போட்டு பல வருஷமா ஓட்டுறாங்க.

ஆனா ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, 650 போனவில் ஹெட்ல ரெண்டு போர்ட்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு இருக்கும், டிஆர்6 ஹெட்ல அப்படி இல்ல, அதனால டிஆர்6 மேனிஃபோல்டை வாங்கி அப்படியே போனவில்ல மாட்ட முடியாது. இன்னொண்ணு, அமல் கார்ப் மேல இருக்கிற கெட்ட பேருக்கு பாதி காரணம் ஸ்லைடும் பாடியும் ஒரே மென்மையான ஜிங்க் கலவைல செஞ்சது, உரசி உரசி ரெண்டும் தேஞ்சு லொடலொடன்னு ஆயிடும், அப்புறம் ஐடிலிங்கே வராது. இப்ப அமல் கம்பெனியே பிரீமியர்னு கெட்டிப்படுத்தின அலுமினிய ஸ்லைடோட புது கார்ப் விக்குது. போனவில் வச்சிருக்கிறவங்களுக்கு நான் அதை தான் சொல்லுவேன், ஏன்னா விக்கும்போது ரெண்டு கார்ப் இல்லாத போனவில்னு சொன்னா வாங்குறவன் டிஆர்6 விலைக்கு தான் கேட்பான். மாத்தித்தான் ஆவேன்னா பழைய கார்ப், அடாப்டர், கேபிள் எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு பத்திரப்படுத்துங்க, ஹெட்டை மட்டும் வெட்டாதீங்க.

ஹோண்டா 180 டிகிரி ட்வின்னும் நாலு சிலிண்டரும்

சிபி 350க்கு ஒத்தை கார்ப் மேனிஃபோல்ட்னு விக்கிறான், ஓடவும் ஓடும், ஓடாதுன்னு சொல்லல. ஆனா மேல சொன்ன குழாயடி சண்டை அங்க தினமும் நடக்கும். அந்த பைக்குக்கு பழைய கெய்ஹின் ஜோடியை சரி பண்ணுங்க, முடியலன்னா சின்ன விஎம் ஜோடி. வேற பேச்சு இல்ல.

நாலு சிலிண்டர்ல ஆசை இன்னும் அதிகம், ஏன்னா தொல்லையும் நாலு மடங்கு. 1969ல வந்த சிபி 750ல நாலு கெய்ஹின் 28 மிமீ கார்ப், ஆரம்பத்துல வந்ததுல நாலுக்கும் நாலு கேபிள், அதை சமமா வைக்கிறதே ஒரு தவம். அதனால கார் கார்ப் ஒண்ணை மாட்டி நாலு சிலிண்டருக்கும் பிரிச்சு விட்டா என்னன்னு யோசிக்கிறாங்க. 180 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் இழுக்கும், வரிசை 1-2-4-3, சீரா தான் வருது, ஆனா ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள அடுத்தவர் ஆரம்பிச்சிடுவார். கூடவே நடு சிலிண்டருக்கு குழாய் குட்டை, ஓரத்து சிலிண்டருக்கு நீளம். கார்ல இது வேலை செய்யுதேன்னு கேட்டா, கார்ல மேனிஃபோல்டை சுடுதண்ணியோ எக்ஸாஸ்ட் சூடோ சூடாக்கி வைக்கும், சுவத்துல ஒட்டின பெட்ரோல் மறுபடி ஆவியாகி போயிடும். காத்துல ஆறுற சிபி 750க்கு பின்னாடி தொங்குற குளிர்ந்த குழாய்ல பெட்ரோல் ஒட்டி ஒழுகி, காலைல ஸ்டார்ட் பண்ணி சூடாகுற வரைக்கும் சோக்கை பிடிச்சுக்கிட்டே நிக்கணும். கோல்ட்விங் ஜிஎல் 1000 தண்ணி குளிரூட்டுற இன்ஜின், மேனிஃபோல்டுக்கு சூடு கொடுக்க வழி உண்டு, மெதுவா ஊர் சுத்துறவங்க அதுல ஒத்தை கார் கார்ப் போட்டு ஓட்டுறாங்க, அது வரைக்கும் ஒத்துக்கலாம். சிபி 750ல வேண்டாம். அந்த நாலு கார்ப் வரிசை தான் அந்த பைக்கோட முகமே.

சரி, ராஜ்தூத் 350?

80கள்ல எஸ்கார்ட்ஸ் தயாரிச்ச யமஹா ஆர்டி 350, 347 சிசி, டூ ஸ்ட்ரோக் ட்வின், ரெண்டு மிக்குனி. சோழவரம் ரேஸ் பார்த்த தலைமுறைக்கு அதோட சத்தத்தை விளக்க வேண்டியதில்ல. இதுவும் 180 டிகிரி கிராங்க் தான், ஆனா மேல சொன்ன கணக்கு இங்க பொருந்தாது. டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை இழுக்கும், அதனால 180 டிகிரி தள்ளி இருந்தா தான் இடைவெளி சமமா வரும். ஜாவா 350 ட்வின் அப்படித்தான், ஒரே ஜிகோவ் கார்ப்ல பல வருஷம் ஓடுச்சு. ஆக கொள்கை அளவுல முடியும்.

முடியும்ங்கிறதுக்காக பண்ணணுமா? அந்த பைக்கை வச்சிருக்கிறதே 5000 ஆர்பிஎம்முக்கு மேல அது எழுந்து ஓடுற ஓட்டத்துக்காக. ஜப்பான்ல 39 குதிரைசக்தி கொடுத்த இன்ஜின் இங்க எச்டி (ஹை டார்க்) மாடல்ல 30.5, எல்டி (லோ டார்க்) மாடல்ல 27ன்னு மைலேஜுக்காக ஏற்கனவே ஒடுக்கப்பட்டது தான், அதுல இன்னும் ஒரு கார்பை பிடுங்குறது எதுக்கு. மைலேஜ் வேணும்னா வேற நூறு பைக் இருக்கு.

ஆபத்தும் உண்டு. ஆர்டில ஆட்டோலூப், அதாவது இன்ஜினுக்கு தானா ஆயில் கொடுக்கிற பம்பு இருக்கு. ஆக்சிலேட்டர் கேபிள் பிரிஞ்சு ரெண்டு கார்புக்கும் ஆயில் பம்புக்கும் போகும், ஸ்லைடு எவ்வளவு ஏறுதோ அதுக்கு தகுந்த ஆயில் பம்பு கொடுக்கும். ஒத்தை கார்ப் போடும்போது கேபிள் நீளமும் ஸ்லைடு தூக்கமும் மாறுது, பம்புல இருக்கிற குறியை மறுபடி சேர்த்து வைக்கலன்னா முழு முறுக்குல ஆயில் பத்தாம பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி சீஸ் ஆயிடும். மேனிஃபோல்ட் லேசா காத்து இழுத்தாலும் ஃபோர் ஸ்ட்ரோக்ல ஐடிலிங் ஆடும் அவ்வளவுதான், டூ ஸ்ட்ரோக்ல கலவை மெலிஞ்சு பிஸ்டன் தலையில ஓட்டை விழும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, அதுவே கலவையை மெலிய வைக்கும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும். ஆர்டிக்கு இப்ப செய்ய வேண்டிய வேலை இன்டேக் ரப்பரை மாத்தி, ரீட் இதழ் (உள்ள போன கலவை திரும்பி வராம மூடுற வால்வு) விரிசல் இல்லன்னு பார்த்து, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏத்தி, பம்பு கேபிளை குறிக்கு வைக்கிறது. கார்ப் ரெண்டும் இருந்துட்டு போகட்டும்.